ஃபைல் எந்த வாசலில் நின்றது?

வெப் அப்ளிகேஷன்களில் ஃபைல் அப்லோட் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். செட்டிங் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோட்டோடு அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடை வெப்சைட்டில் சேலைப் படங்களை ஏற்றுகிறோம். உபுன்டு சர்வர், என்ஜின்எக்ஸ், பிஎச்பி. 800 கேபி படம் ஏறுகிறது. 1.5 எம்பி படம் என்றால் 413 என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நிற்கிறது. பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில் 64 எம்பி என்று மாற்றி, சர்வரையே ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லை.
— வாசகர், ஈரோடு

பதில்: பிஎச்பியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் படம் அதுவரை போய்ச் சேரவே இல்லை. முன்வாசலில் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், ‘அளவு மிகப் பெரிது’ என்று பொருள்படும் 413 எண்ணோடு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு என்ஜின்எக்ஸ் அனுமதிக்கும் உச்ச அளவு 1 எம்பிதான். 800 கேபி ஏறுவதும் 1.5 எம்பி நிற்பதும் அதனால்தான். சந்தேகம் இருந்தால் என்ஜின்எக்ஸின் எர்ரர் லாகைத் திறந்து பாருங்கள். ‘கிளையன்ட் இன்டெண்டட் டு சென்ட் டூ லார்ஜ் பாடி’ என்ற வரியும், பிரவுசர் அனுப்ப முயன்ற பைட் எண்ணிக்கையும் அங்கே இருக்கும்.

மாற்ற வேண்டிய செட்டிங் ‘கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்’. உங்கள் சைட்டின் ‘சர்வர்’ பிளாக்குக்குள் இதை எழுதி, 22 என்ற எண்ணையும் ஒட்டினாற்போல் ‘எம்’ எழுத்தையும் போட்டு, கடைசியில் அரைப்புள்ளி வையுங்கள். உள்ளே ஏதாவது ‘லொகேஷன்’ பிளாக்கில் இதே செட்டிங் சிறிய எண்ணோடு இருந்தால், அந்தப் பாதைக்கு உள்ளே இருப்பதே செல்லும். அதையும் தேடிப் பாருங்கள். பிறகு ‘என்ஜின்எக்ஸ்’ கட்டளையை ‘-டி’ ஆப்ஷனோடு ஓட்டி, எழுத்துப் பிழை இல்லை என்று தெரிந்த பின் ரீலோட் செய்யுங்கள். சர்வரையே ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை.

அடுத்த வாசல் பிஎச்பி. அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ‘அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்’ ஒரு ஃபைலுக்கான வரம்பு. வழக்கமாக 2 எம்பி. ‘போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்’ அந்த ஃபார்ம் மொத்தத்துக்கும் ஆன வரம்பு. வழக்கமாக 8 எம்பி. ஒரே ஃபார்மில் 4 எம்பி படம் ஐந்து போகும் என்றால் படங்களே 20 எம்பி. பெயர், விலை, விவரம் எல்லாம் அதற்கு மேல். ஆகவே ஃபைலுக்கு 5, போஸ்ட்டுக்கு 21, என்ஜின்எக்ஸுக்கு 22 என்று உள்ளிருந்து வெளியே ஏறுமுகமாக வைப்பது நல்லது. வெளிவாசல் சற்றே அகலமாக இருந்தால்தான், பெரிய ஃபைல் வந்தாலும் மறுப்பது உங்கள் நிரலாக இருக்கும். ‘படம் 5 எம்பிக்குள் இருக்கட்டும்’ என்று தமிழில் ஒரு செய்தி காட்ட அப்போதுதான் வழி.

நீங்கள் எழுதிய 64 எம்பியையும் ஒரு தரம் பாருங்கள். பிஎச்பிக்கு ‘எம்’ என்ற ஒற்றை எழுத்துதான் புரியும். ‘எம்பி’ என்று இரண்டு எழுத்தாக எழுதியிருந்தால் கடைசியில் நிற்கும் ‘பி’ புரியாமல், அதை 64 பைட் என்று எடுத்துக்கொள்ளும். 8.2 பதிப்பிலிருந்து இதற்கு ஓர் எச்சரிக்கையாவது வருகிறது. பழைய பதிப்புகள் மௌனம். இன்னொன்று, உபுன்டுவில் டெர்மினலுக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ, வெப்சைட்டுக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ என்று இரண்டு உண்டு. ‘சிஎல்ஐ’ ஃபோல்டரில் இருப்பதை மாற்றிவிட்டு ‘எஃப்பிஎம்’ ஃபோல்டரில் இருப்பதைத் தொடாமல் விடுவது தினமும் நடக்கும் தவறு. ‘பிஎச்பிஇன்ஃபோ’ பக்கத்தை பிரவுசரில் திறந்து, ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ வரியில் எந்தப் பாதை இருக்கிறதோ அதைத்தான் திருத்த வேண்டும். திருத்திய பின் எஃப்பிஎம் சர்வீஸை ரீலோட் செய்யுங்கள்; பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். நிரலுக்குள் ‘ஐஎன்ஐ_செட்’ எழுதிப் பயனில்லை. அந்த வரி ஓடத் தொடங்கும்போது ஃபைல் ஏற்கெனவே வந்து முடிந்திருக்கும்.

வேறு சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், எண்கள் மட்டும் வேறு. ஸ்பிரிங் பூட்டில் ஒரு ஃபைலுக்கு 1 எம்பி, மொத்த ரிக்வெஸ்ட்டுக்கு 10 எம்பி. விண்டோஸ் ஐஐஎஸ்ஸில் 3 கோடி பைட். அதைத் தாண்டினால் 404.13 என்று காட்டும். 404 என்றதும் ‘பக்கம் காணோம்’ என்று ரவுட்டிங்கில் நாள் முழுக்கத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 13-ஐப் படிக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் இலவசத் திட்டத்தில் 100 எம்பி. அமேசான் ஏபிஐ கேட்வேயில் 10 எம்பி. இதைக் கூட்டித்தரச் சொல்லிக் கேட்கவும் முடியாது. எக்ஸ்பிரஸில் ஜேசன் பாடிக்கு 100 கேபி. படத்தை பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கி ஜேசனுக்குள் வைத்து அனுப்புகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணில்தான் முட்டிக்கொள்வார்கள். பேஸ்64 அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டிவிடும். உங்கள் 800 கேபி படத்தையே அப்படி அனுப்பினால் 1067 கேபி; இன்று நுழையும் படமே என்ஜின்எக்ஸ் வாசலில் நின்றுவிடும்.

கேள்வி: என் ஃபார்மில் எந்த எர்ரரும் வரவில்லை. சப்மிட் ஆகிறது, ‘நன்றி’ பக்கமும் வருகிறது. ஆனால் பிஎச்பி பக்கம் ஃபைல்ஸ் அர்ரே காலியாக இருக்கிறது. சில நேரம் போஸ்ட் அர்ரேயும் சேர்ந்து காலி.
— வாசகர், மதுரை

பதில்: ‘சில நேரம்’ என்று ஒரு சொல் போட்டீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. இவை இரண்டு வேறு நோய்கள்.

போஸ்ட்டில் மற்ற விவரங்கள் எல்லாம் வந்து ஃபைல்ஸ் மட்டும் காலி என்றால் ஃபார்ம் டேக்கைப் பாருங்கள். ‘மெத்தட்’ போஸ்ட்டாகவும், ‘என்க்டைப்’ என்பது ‘மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா’ ஆகவும் இருக்க வேண்டும். என்க்டைப் எழுதாவிட்டால் பிரவுசர் ஃபைலின் பெயரை மட்டும் ஒரு சாதாரண எழுத்துத் தொடராக அனுப்பும். ஃபைல் பெயர் போஸ்ட் அர்ரேயில் உட்கார்ந்திருந்தால் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்யலாம். அங்கேயும் இல்லை என்றால் இன்புட் டேக்கில் ‘நேம்’ விட்டுப்போயிருக்கும். ‘ஐடி’ மட்டும் கொடுத்து ‘நேம்’ கொடுக்காத இன்புட்டை பிரவுசர் அனுப்புவதே இல்லை.

இரண்டும் சேர்ந்து காலி என்றால் போஸ்ட்_மேக்ஸ்_சைஸைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது பிஎச்பி பாதியை எடுத்துக்கொள்வதில்லை. மொத்த ஃபார்மையும் எறிந்துவிட்டு உங்கள் நிரலை ஓட விடுகிறது. லாகில் மட்டும் ஒரு எச்சரிக்கை எழுதும். இதில் ஒரு பக்க விளைவு: ஃபார்ம் உங்கள் சைட்டிலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் போஸ்ட்டில்தானே வருகிறது? அதுவும் போய்விடுவதால் ‘டோக்கன் பொருந்தவில்லை’ என்ற செய்தி வந்து, ஆட்களை செஷன் பக்கம் அலையவிடும். தப்பிக்க ஒரு சிறு சோதனை போதும். நிரலின் தொடக்கத்திலேயே, சர்வர் அர்ரேயில் ‘கன்டென்ட்_லெங்த்’ பூஜ்யத்துக்கு மேல் இருந்து, போஸ்ட், ஃபைல்ஸ் இரண்டும் காலியாக இருந்தால் ‘அளவு மீறிவிட்டது’ என்று சொல்லி நிறுத்திவிடுங்கள்.

‘நன்றி’ பக்கம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஃபைலோடு வரும் எர்ரர் எண்ணை உங்கள் நிரல் பார்ப்பதே இல்லை. 0 என்றால் நலம். 1 என்றால் பிஎச்பி.ஐஎன்ஐ வரம்பு. 2 என்றால் ஃபார்மிலேயே மறைத்து வைத்த வரம்பு. 3 என்றால் பாதி வழியில் அறுந்தது. போன் நெட்வொர்க்கில் சகஜம். 4 என்றால் ஃபைலே தேர்ந்தெடுக்கவில்லை. 6 என்றால் தற்காலிக ஃபோல்டர் இல்லை. 7 என்றால் டிஸ்க்கில் எழுத முடியவில்லை. 8 என்றால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் தடுத்தது. 5 கிடையாது, தேடாதீர்கள். 1-ம் 4-ம் பயனருக்குச் சொல்ல வேண்டியவை. 6-ம் 7-ம் உங்களுக்கே மெயில் வர வேண்டியவை.

பல படங்களை ஒன்றாக ஏற்றும்போது 25 தேர்ந்தெடுத்தும் 20 மட்டுமே வந்தால் அதிசயிக்க வேண்டாம். ‘மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ்’ வழக்கமாக 20.

கேள்வி: ரியாக்ட்டில் ஃபெட்ச் மூலம் ஃபார்ம்டேட்டா அனுப்புகிறேன். ‘பவுண்டரி நாட் ஃபவுண்ட்’ என்கிறது நோட் சர்வர். போஸ்ட்மேனில் அனுப்பினால் வேலை செய்கிறது. இன்னொரு பக்கத்தில் பெரிய ஃபைலுக்கு மட்டும் கார்ஸ் எர்ரர் வருகிறது. சின்ன ஃபைலுக்கு வருவதில்லை.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலாவதற்கு, ‘கன்டென்ட்-டைப்’ ஹெடரை நீங்களே எழுதியிருப்பீர்கள். அந்த வரியை அழித்துவிடுங்கள். மல்டிபார்ட்டில் ஒரு பகுதி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஓர் எல்லைக்குறி வேண்டும். ஒவ்வொரு முறையும் பிரவுசர் புதிதாக ஒன்றை உருவாக்கி, அதை அதே ஹெடரின் கடைசியில் சேர்த்து அனுப்பும். நீங்கள் கையால் எழுதினால் அந்த எல்லைக்குறி இல்லாமல் போகும். சர்வருக்கு எங்கே வெட்டுவது என்று தெரியாது. எல்லா அழைப்புகளுக்கும் சேர்த்து ஓரிடத்தில் ‘அப்ளிகேஷன்/ஜேசன்’ என்று வைத்திருந்தாலும் இதே கதி. அப்லோட் அழைப்புக்கு மட்டும் அதை நீக்க வேண்டும். ஃபைலை ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை-யில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு: அது வெறும் அடைப்புக்குறி இரண்டாக மாறிவிடும், உள்ளே ஒரு பைட்கூட இருக்காது.

இரண்டாவதில் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கார்ஸ் என்பது வேறு சைட்டிலிருந்து வரும் பதிலை உங்கள் பக்கம் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் அனுமதி. சின்ன ஃபைலுக்கு வராத கார்ஸ் எர்ரர் பெரிய ஃபைலுக்கு வருகிறது என்றால் கார்ஸ் செட்டிங் சரியாகவே இருக்கிறது. நடந்தது இது: பெரிய ஃபைலை என்ஜின்எக்ஸ் 413 சொல்லி மறுத்தது. கார்ஸ் ஹெடர்களைச் சேர்க்க வேண்டியது உங்கள் நோட் நிரல். அது ஓடவே இல்லை. ஆகவே அந்த 413 பதில் கார்ஸ் ஹெடர் இல்லாமல் பிரவுசருக்கு வருகிறது. பிரவுசரோ உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டாமல் ‘கார்ஸ்’ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறது. கன்சோலை விட்டு நெட்வொர்க் டேபுக்குப் போய் ஸ்டேட்டஸ் எண்ணைப் பாருங்கள். அங்கும் தெளிவாக இல்லை என்றால் டெர்மினலில் ‘கர்ல்’ கட்டளையால் அதே ஃபைலை அனுப்பிப் பாருங்கள். கர்லுக்குக் கார்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது; உண்மையான எண்ணைச் சொல்லிவிடும். ஹெடரை என்ஜின்எக்ஸிலேயே சேர்க்கிறவர்கள் ‘ஆட்_ஹெடர்’ வரியின் கடைசியில் ‘ஆல்வேஸ்’ என்று எழுத மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் எர்ரர் பதில்களில் அந்த ஹெடர் போகாது.

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஆவணங்களைத் தமிழ்ப் பெயரிலேயே ஏற்றி வைக்க விரும்புகிறோம். ஒரு சர்வரில் பெயர் கிறுக்கலாக மாறுகிறது. இன்னொன்றில் பெயரே காணாமல் போய் ‘பிடிஎஃப்’ என்று மட்டும் நிற்கிறது. சில ஃபைல்கள் லிஸ்ட்டில் இருக்கின்றன, ஆனால் தேடினால் கிடைப்பதில்லை.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூன்றுக்கும் மூன்று காரணம். தமிழில் வேலை செய்கிற எவரும் ஒருநாள் சந்திக்கப்போவது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கிறுக்கல்: தமிழின் ஒவ்வொரு யுனிகோடு குறியும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் ஒவ்வொன்றையும் லத்தீன்-1 எழுத்தாகப் படித்தால், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வரும். நோட் சர்வரில் அப்லோட்டை வாங்கும் மல்டர் லைப்ரரியைப் பயன்படுத்தினால் இது நிச்சயம் எதிர்ப்பட்டிருக்கும். அதன் அடியில் உள்ள பஸ்பாய் ஃபைல் பெயரை லத்தீன்-1 என்றே எடுத்துக்கொள்கிறது. பெயரை லத்தீன்-1 பஃபராக மாற்றி, அதை யுடிஎஃப்-8 எழுத்தாகத் திரும்பப் படித்தால் தமிழ் அப்படியே மீளும். பைட்டுகள் எதுவும் தொலைந்திருக்காது.

காணாமல் போன பெயர்: அந்த சர்வர் பைத்தான் ஃபிளாஸ்க்காக இருக்க வேண்டும். அதோடு வரும் ‘செக்யூர்_ஃபைல்நேம்’ ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறி) அல்லாத எதையும் உதிர்த்துவிடும். தமிழ்ப் பெயர் முழுதும் உதிர்ந்து, முன்னால் நிற்கும் புள்ளியும் நீக்கப்பட்டு, ‘பிடிஎஃப்’ என்ற மூன்றெழுத்து மிஞ்சும். இதில் பெரிய ஆபத்து, எல்லாத் தமிழ் ஃபைலும் அதே பெயருக்கு வந்து ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டுவிடும். முதலில் ஏற்றியவை இன்னும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

தேடினால் கிடைக்காதது: ‘கொள்முதல்’ என்ற சொல்லின் ‘கொ’வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறி. அல்லது ககரம், எகரத்தின் ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இப்படி. பிரித்து எழுதிய வடிவம் மேக் கணினிகளிலிருந்து வரும் பெயர்களில் அடிக்கடி இருக்கும். பெயரைச் சேமிக்கும் முன்னும், தேடும் சொல்லைத் தேடும் முன்னும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. பிஎச்பியில் நார்மலைசர் கிளாஸ், பைத்தானில் ‘யுனிகோட்டேட்டா’, ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கின் ‘நார்மலைஸ்’ இதைச் செய்யும். ஆனால் ஔகாரத்தின் பின்பாதிக்குப் பதில் ளகர எழுத்தையே அடித்து வைக்கிறவர்களை எந்த நார்மலைசரும் காப்பாற்றாது. அது வேறு எழுத்தாகவே எண்ணப்படும்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. லினக்ஸ் எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் அது 85 குறிகள்தான். ‘தமிழ்நாடு’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கே 9 குறி, 27 பைட். விண்டோஸில் வரம்பு பைட் கணக்கில் இல்லை என்பதால், அங்கே சௌகரியமாக இருந்த ‘2023-24 ஆம் ஆண்டுக்கான பொதுக்குழுக் கூட்டத் தீர்மானங்கள்...’ வகைப் பெயர்கள் லினக்ஸுக்கு வந்ததும் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று விழும்.

நிரந்தர வழி, டிஸ்க்கில் தமிழ்ப் பெயரை வைக்காமல் இருப்பது. யுயுஐடி போன்ற ஒரு தற்செயல் பெயரில் ஃபைலைச் சேமித்து, தமிழ்ப் பெயரை டேட்டாபேஸில் யுடிஎஃப்8எம்பி4 நெடுவரிசையில் வையுங்கள். டவுன்லோட் செய்யும்போது ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ ஹெடரில் ‘ஃபைல்நேம்’ என்பதோடு நட்சத்திரக் குறி சேர்த்த வடிவத்தில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு அந்தப் பெயரைக் கொடுத்தால், பயனரின் கணினியில் தமிழ்ப் பெயரோடே இறங்கும்.

கேள்வி: போனில் எடுத்த படங்களை ஏற்றினால் சிலருக்குப் படம் படுத்துக்கொள்கிறது, சிலருக்கு 500 எர்ரர், ஐபோன்காரர்களுக்கு ‘இது படமே அல்ல’ என்று வருகிறது. எல்லாருடைய ஃபைலும் 4 எம்பிக்குள்தான்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: 500 எர்ரரில் ஃபைலின் அளவைப் பார்க்காதீர்கள், பிக்ஸலைப் பாருங்கள். ஜேபெக் என்பது சுருட்டி வைத்த பாய் மாதிரி. பிஎச்பியில் படங்களைக் கையாளும் ஜிடி லைப்ரரி அதைத் திறக்கும்போது ஒரு பிக்ஸலுக்குச் சுமார் 4 பைட் மெமரி பிடிக்கும். 4000-க்கு 3000 படம் 48 எம்பி. இப்போதைய 50 மெகாபிக்ஸல் போன்களில் முழு அளவில் எடுத்த படம் 200 எம்பி. பிஎச்பியின் ‘மெமரி_லிமிட்’ வழக்கமாக 128 எம்பி. அங்கேயே விழுந்துவிடும். திறக்கும் முன் ‘கெட்இமேஜ்சைஸ்’ மூலம் நீள அகலத்தைப் பெருக்கிப் பார்த்து, மிகப் பெரியதை மறுத்துவிடுங்கள். அதைவிட மேலானது, பிரவுசரிலேயே கேன்வாஸில் 1600 பிக்ஸலுக்குச் சுருக்கி அனுப்புவது. பயனரின் டேட்டாவும் மிச்சம்.

படுத்துக்கொள்ளும் படம்: போன் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. ‘இதை இப்படித் திருப்பிக் காட்டு’ என்று படத்தோடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதும். ஜிடி படத்தை மறுபடி சேமிக்கும்போது எக்ஸிஃப் போய்விடும், குறிப்பும் அதோடு போய்விடும். ஆகவே ‘எக்ஸிஃப்_ரீட்_டேட்டா’ மூலம் ஓரியன்டேஷன் எண்ணை முதலில் படித்து, 3 என்றால் 180 டிகிரி, 6 என்றால் வலப்பக்கம் 90, 8 என்றால் இடப்பக்கம் 90 திருப்பிய பின் சேமியுங்கள். ‘இமேஜ்ரொட்டேட்’ இடப்பக்கமாகத்தான் சுற்றும் என்பதால் 6-க்குக் கழித்தல் 90 கொடுக்க வேண்டும். இதில் தலைகீழாக்கிக்கொள்கிறவர்கள் அதிகம். எக்ஸிஃப் போவதில் ஒரு நன்மையும் உண்டு. படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி அதில்தான் இருக்கும்.

ஐபோன் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெய்க் வடிவில் படம் எடுக்கிறது. ஜிடிக்கு அது தெரியாது. இன்புட்டின் ‘அக்செப்ட்’டில் ‘இமேஜ்/ஜேபெக்’ என்று குறிப்பாக எழுதினால் போட்டோ லைப்ரரியிலிருந்து எடுக்கும்போது போனே பெரும்பாலும் ஜேபெக்காக மாற்றித் தரும். அதை மட்டும் நம்பாமல், சர்வரில் ஹெய்க்கைப் படிக்கும் லிப்ஹெய்ஃப் சேர்த்துக் கட்டிய இமேஜ்மேஜிக் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ‘பெர்மிஷன் டினைட்’. 777 கொடுத்துவிடலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கொடுக்காதீர்கள். 777 என்றால் எல்லாருக்கும் எல்லா அனுமதியும். லேப்டாப்பில் சர்வரும் நீங்களும் ஒரே பயனர். அங்கே உபுன்டுவில் வெப் சர்வர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற தனிப் பயனராக ஓடுகிறது. அந்தப் பெயரில் நின்று ஃபோல்டருக்குள் ஒரு வெற்று ஃபைலை ‘டச்’ செய்து பாருங்கள். முடியவில்லை என்றால் அப்லோட் ஃபோல்டரை மட்டும் ‘சோன்’ கட்டளையால் அதன் பெயருக்கு மாற்றி 755 (எழுதும் அனுமதி உரிமையாளருக்கு மட்டும்) வையுங்கள். பாதையில் உள்ள மேல் ஃபோல்டர் ஒவ்வொன்றிலும் அதற்கு நுழையும் அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், ரெட்ஹேட் வகை சர்வரில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது. அங்கே 777 கொடுத்தாலும் நகராது. ஃபோல்டருக்கு ‘எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி’ என்ற லேபிளை ‘செமேனேஜ்’ மூலம் கொடுத்து ‘ரெஸ்டோர்கான்’ ஓட்ட வேண்டும். நேற்று வரை ஓடி இன்று நின்றிருந்தால் டிஸ்க் நிரம்பியிருக்கும். ‘டிஎஃப்’ கட்டளை இடம் மிச்சம் என்று காட்டினாலும் அதையே ‘-ஐ’ ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் ஐநோடு தீர்ந்துபோகும். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் அப்லோட் ஃபோல்டரை வால்யூமாக வைக்காவிட்டால், அடுத்த முறை கன்டெய்னரைப் புதிதாக எழுப்பும்போது படங்கள் எல்லாம் போய்விடும்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லில் சேமித்த படங்களில் மேல்பாதி தெரிகிறது, கீழ்ப்பாதி சாம்பல் நிறம். ஏன்?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: படத்தை வைக்கும் நெடுவரிசையின் வகை ‘பிளாப்’ என்று இருக்கும். அதில் 65,535 பைட்தான் பிடிக்கும். ஸ்ட்ரிக்ட் மோடு அணைந்திருந்தால் மீதியை வெட்டிவிட்டுச் சேமிக்கும். ‘மீடியம்பிளாப்’ ஆக்கினால் 16 எம்பி வரை கொள்ளும். வெட்டுப்பட்டவை திரும்ப வராது. மூலப் படங்களை மறுபடி ஏற்ற வேண்டும். முடிந்தால் படத்தை டிஸ்க்கில் வைத்து, டேபிளில் பாதையை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: ‘அக்செப்ட்’டில் ஜேபிஜி, பிடிஎஃப் மட்டும் என்று எழுதிவிட்டோம். பாதுகாப்புக்கு இது போதாதா? இன்னொரு பக்கம், சிலருடைய சிஎஸ்வி ஃபைல் சரியாக இருந்தும் ‘தவறான வகை’ என்று திரும்புகிறது.
— வாசகர், திருச்சி

பதில்: அக்செப்ட் பயனருக்கு ஒரு வசதி, அவ்வளவே. ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் எதையும் தேர்ந்தெடுக்கலாம். கர்லில் அனுப்புகிறவனுக்கு உங்கள் ஃபார்மே தேவையில்லை. ஃபைலோடு வரும் மைம் டைப் என்ற வகைப் பெயரும் அனுப்புகிறவர் சொல்வதுதான். உங்கள் சிஎஸ்வி சிக்கலே அதற்கு சாட்சி: எக்ஸெல் போட்ட விண்டோஸ் கணினியில் பிரவுசர் சிஎஸ்வியை எக்ஸெல் வகை என்று அறிவித்து அனுப்பும். நல்லவரை மறுக்கிறீர்கள், கெட்டவர் ‘இமேஜ்/ஜேபெக்’ என்று எழுதி உள்ளே வருகிறார்.

சர்வரில் ‘ஃபின்ஃபோ’ மூலம் ஃபைலின் உள்ளே பாருங்கள். எக்ஸ்டென்ஷனுக்கு அனுமதிப் பட்டியல் வையுங்கள். பெயரை நீங்களே சூட்டுங்கள். சேமிக்கும் இடம் வெப் ரூட்டுக்கு (பிரவுசரால் எட்ட முடிகிற ஃபோல்டருக்கு) வெளியே இருக்கட்டும். முடியாவிட்டால் அந்த ஃபோல்டரில் பிஎச்பி ஓடாதபடி என்ஜின்எக்ஸில் அடைத்துவிடுங்கள். எஸ்விஜியைப் படம் என்று எண்ணி அனுமதிக்க வேண்டாம். அதற்குள் ஸ்கிரிப்ட் எழுதலாம். டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் என்பதால் ஃபின்ஃபோ சில சமயம் ஜிப் என்றே சொல்லும். அதைக் கண்டு பயனரை விரட்டிவிடாதீர்கள்.

கேள்வி: வீடியோ ஏற்றும்போது 100 சதவீதம் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. பிறகு 504.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த 100, பிரவுசரிலிருந்து என்ஜின்எக்ஸ் வரைக்குமான கணக்கு. என்ஜின்எக்ஸ் முழு ஃபைலையும் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டுதான் பின்னால் இருக்கும் அப்ளிகேஷனுக்குக் கொடுக்கிறது. அதன் பிறகு உங்கள் நிரல் வீடியோவை மாற்றுவது, தம்ப்நெயில் எடுப்பது என்று 60 வினாடிக்கு மேல் பதில் சொல்லாமல் இருந்தால் ‘பிராக்ஸி_ரீட்_டைம்அவுட்’ தீர்ந்து, ‘நேரத்துக்குள் பதில் வரவில்லை’ என்று பொருள்படும் 504 வரும். அதை 600 ஆக்கினால் ஓடும்தான். ஆனால் நடுவில் அமேசான் லோட் பேலன்சர் இருந்தால் அதற்கும் தனியாக 60 வினாடி உண்டு. ஃபைலைச் சேமித்ததும் ‘வந்துவிட்டது’ என்று பதில் சொல்லிவிட்டு, மாற்றும் வேலையை க்யூவில் (பின்னணி வேலை வரிசையில்) போடுங்கள்.

பெரிய ஃபைலை ஒரே மூச்சில் வாங்குவதையும் விட்டுவிடலாம். 1 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 200 எம்பி வீடியோவுக்கு 1600 வினாடி. கிட்டத்தட்ட 27 நிமிடம். 26-ஆவது நிமிடத்தில் சிக்னல் போனால் மறுபடி முதலிலிருந்து. 5 எம்பி துண்டுகளாக அனுப்பினால் ஒரு துண்டுக்கு 40 வினாடி. அறுந்தால் அந்த ஒன்று மட்டும் மறுபடி. டஸ் என்ற நெறிமுறை இதற்காகவே இருக்கிறது. பிரவுசர் பக்கம் அப்பி லைப்ரரி அதைப் பேசும். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்துக்கு நேராக ஏற்றுவதானால் கடைசித் துண்டைத் தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக் கூடாது, மொத்தம் 10,000 துண்டுக்கு மேல் போகக் கூடாது. பக்கெட்டின் கார்ஸ் செட்டிங்கில் ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்3 தரும் அடையாளமான ‘ஈடேக்’ ஹெடரை வெளியே காட்ட அனுமதியுங்கள். அது இல்லாவிட்டால் எல்லாத் துண்டும் போய்ச் சேர்ந்த பிறகும் அவற்றை ஒன்றாக இணைக்க பிரவுசரால் முடியாது.